குழுவில் புகுந்த பழைய வெள்ளம்

ஐயா,

மஞ்சக்குப்பத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் பன்னிரண்டு பேர் வாட்ஸ்அப்பில் தினமும் பேசிக்கொள்கிறோம். தேர்தல், பெட்ரோல், துறைமுகத்தில் வஞ்சிரம் என்ன விலை என்று எல்லாம் ஓடும். கட்சிச் சண்டையில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவார். மறுநாள் 'காலை வணக்கம்' சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார். அது பரவாயில்லை.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கியபோதுதான் வம்பு. 2015 வெள்ளப் படம் ஒன்று 'இப்போது நம்ம தெரு' என்று குழுவில் வந்தது. வெளியூர் நண்பர், அம்மாவுக்கு போன் கிடைக்காமல் இரவெல்லாம் தவித்துவிட்டார். போட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான்.

மழைக்காலத்தில் அணையில் எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்களேன். அதைப் படம் பிடித்து அனுப்புகிறோம்.

- ஒரு வாசகர், கடலூர்