கில்ட் காலுறையின் குதிகால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, எடின்பரோவிலிருந்து வணக்கம்.

ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் பாவாடையான கில்ட்டோடு போடும் நீண்ட காலுறைக்கு ஆர்டர் எடுக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விகள் சிலருக்கு அதிகமாகப் படுகின்றன. கெண்டைக்கால் சுற்றளவு கேட்பது புரிகிறது, பாத நீளமும் புரிகிறது; குதிகால் முனையிலிருந்து பாதத்தின் மேல்வளைவு வரை சாய்வாக ஏன் டேப் பிடிக்க வேண்டும்? என்ன ஷூ போடுவேன் என்பது உங்களுக்கு எதற்கு? மெரினோ கம்பளியில் பின்னித் தர ஏன் மாட்டேன் என்கிறீர்கள்? மூன்றுக்கும் காரணம் குதிகால்தான். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒன்று. நண்பர் கல்யாணத்துக்காக ஒரே ஒரு நாள் கில்ட் வாடகைக்கு எடுப்பவர்களுக்குக் கடையில் கூடவே தரும் மெஷின் காலுறை போதும். கையால் பின்னியதை வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். இந்த மடல் சொந்தமாகக் கில்ட் வைத்திருப்பவர்களுக்கும், பைப் பேண்ட் என்ற பைக்குழல் இசைக்குழுவில் வாசிப்பவர்களுக்கும், கேய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்தில் இரவு முழுக்க ஆடுபவர்களுக்கும்.

கில்ட்டின் ஓரம் முழங்காலில் நிற்கும். காலுறையின் மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே முடியும். இடையில் தெரிவது வெறும் கால். மடிப்புக்குள் காலுறை இறங்காமல் பிடிக்கும் கார்ட்டர் பட்டையும், வலதுகைக்காரர் என்றால் வலது காலில் ஸ்கீயன் டூ என்ற சிறு கத்தியும் செருகியிருக்கும். அதனால் எல்லாரும் பார்ப்பதும் மெச்சுவதும் மடிப்பைத்தான். ஆனால் காலுறை கிழிவது அங்கே இல்லை. குதிகாலுக்கு அடியிலும், ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்திலும்தான். கில்ட்டோடு போடும் கில்லி புரோக் ஷூவுக்கு நாக்கு கிடையாது. கயிற்றைக் கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறு தளர்ந்தால் கால் உள்ளே ஏறி இறங்கும், ஒவ்வொரு அடிக்கும் குதிகால் தேயும்.

கம்பளியைப் பற்றி. மெரினோ தொடுவதற்கு மெத்தென்று இருப்பதற்குக் காரணம் அதன் இழை மெல்லியது, 20 மைக்ரானை ஒட்டியது. ஸ்காட்லாந்து இங்கிலாந்து எல்லையில் இருக்கும் செவியட் குன்றுகளின் பெயரைக் கொண்ட ஆட்டின் கம்பளி 30 மைக்ரானை ஒட்டி வரும். கழுத்தில் சுற்ற மெரினோ நல்லது. ஷூவுக்குள் அது சீக்கிரம் பஞ்சாகிவிடும். நாங்கள் எடுப்பது நன்றாக முறுக்கேறிய, பல புரி சேர்ந்த நூல். தளர்வாக முறுக்கிய ஒற்றைப் புரி நூல் என்ன விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் காலுறைக்கு உதவாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடிக்கு 100 கிராம் சிட்டம் மூன்று தேவைப்படும்.

குதிகாலை இரண்டு விதமாகச் செய்யலாம். வரிகளைப் படிப்படியாகக் குறுக்கி, பிறகு நீட்டி ஒரு கிண்ணம்போல் பின்னுவது ஒன்று. பார்க்க நேர்த்தி, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மேல்வளைவு உயர்ந்த பாதத்தை அது இறுக்கிப் பிடிக்கும். இழுபடும் இடமெல்லாம் தேயும். கில்ட் காலுறைக்கு நாங்கள் அதைச் செய்வதில்லை. பட்டை வைத்துப் பின்னும் பழைய குதிகால்தான் செய்கிறோம்.

எங்கள் சாதாரண அளவில் கெண்டைக்காலில் 96 கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள், இருக்கும். பின்புறத்தில் ஒரு கோடு பிடித்துக் குறைத்துக்கொண்டே வந்து கணுக்காலில் 72 ஆக்குவோம். அதில் பாதி, 36 கண்ணிகளை, முன்புறத்துக்கென்று நிறுத்திவிட்டு, பின்பாதி 36ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 36 வரிகள் பின்னினால் குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டை கிடைக்கும். வெளிப்பக்க வரியில் ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றுவோம், அடுத்ததைப் பின்னுவோம், இப்படியே மாற்றி மாற்றி. உள்பக்க வரியில் முதல் கண்ணியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் பர்ல், அதாவது நூலை ஊசிக்கு முன்னால் வைத்துப் போடும் பின்னல். பின்னாமல் விட்ட ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னால் நூல் ஓடுவதால் அந்த இடம் இரட்டைத் தடிப்பாகிறது. மாற்றும் கண்ணியை வரிக்கு வரி ஒன்று தள்ளி வைத்தால் கௌதாரிக் கண் என்ற புள்ளிக் கோலம் வரும். அழகுதான், கேட்டால் செய்து தருவோம். எங்களுக்கு நேர்க்கோடுகளாக விழும் முதல் வகையே பிடித்தம். கை வைத்தால் மெத்தை தெரியும்.

பட்டை முடிந்ததும் அடிப்பக்கம் திருப்ப வேண்டும். நாங்கள் செய்வது டச்சு குதிகால். 36ஐ மூன்று 12களாகப் பிரித்து, நடு 12ஐ மட்டும் பின்னிக்கொண்டே ஒவ்வொரு வரி முடிவிலும் பக்கத்திலிருந்து ஒரு கண்ணியைச் சேர்த்து விழுங்குவது. 24 வரிகளில் இரண்டு பக்கமும் தீர்ந்து நடு 12 மட்டும் நிற்கும். இதில் உள்ள லாபம், பட்டையில் செய்த அதே தடித்த பின்னலை நிறுத்தாமல் குதிகாலுக்கு அடிவரை கொண்டுபோகலாம். அதிகம் தேயும் இடம் அதுதானே! மிகவும் ஒடுங்கிய, உருண்டையான குதிகால் உள்ளவர்களுக்கு மட்டும் அடிப்பக்கத்தை உருண்டையாகத் திருப்பும் பிரெஞ்சு குதிகால் இன்னும் ஒட்டிப் பிடிக்கும். அளவைப் பார்த்து நாங்களே சொல்வோம்.

அப்புறம் பட்டையின் இரு ஓரங்களிலும் 18 கண்ணிகள் வீதம் எடுத்தால், முன்புறத்தோடு சேர்த்து மொத்தம் 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 72க்கு வருவோம். இந்தக் குறைப்பில் உண்டாகும் பக்கவாட்டு முக்கோணம்தான் உங்கள் மேல்வளைவுக்கு இடம் தருகிறது. வளைவு உயர்ந்தவர்களுக்குப் பட்டையை இன்னும் சில வரிகள் நீட்டுவோம், ஓரக் கண்ணிகளும் அதற்கேற்பக் கூடும். சாய்வு அளவு கேட்பது இதற்காகத்தான்.

கால் பகுதியை 2.5 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினாலும் குதிகாலுக்கு 2.25க்கு இறங்குவோம். கூடவே ஒரு மெல்லிய நைலான் இழையும் சேர்ந்து ஓடும், விரல் முனையிலும் அப்படியே. வீட்டில் பின்னுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குப் பதில் சாதாரணத் தையல் நூலைச் சேர்க்காதீர்கள். கம்பளி நீளும், அது நீளாது.

பாத நீளத்தை உங்கள் அளவைவிட ஒரு சென்டிமீட்டர் குறைத்தே பின்னுகிறோம். சிறியதாக அனுப்பிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், போட்டதும் நீண்டு பொருந்தும். தொளதொளவென்று இருக்கும் குதிகால்தான் நழுவி நழுவி ஓட்டையாகும்.

ஆர்கைல் என்ற பல நிற வைர வடிவம் கேட்பவர்களுக்கு: விலை கூடுவது கம்பளிக்காக அல்ல. ஸ்காட்லாந்து மலைநாடான ஹைலண்டின் காலுறைகள் முன்பு டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணியைச் சாய்வாக வெட்டித் தைத்தவை. அந்தச் சாய்ந்த கட்டத்தைப் பின்னலில் கொண்டுவர ஒவ்வொரு நிறக் கட்டத்துக்கும் தனி நூலுருண்டை தொங்கவிட்டு, தட்டையாகப் பின்னி, பின்புறம் தைத்து மூட வேண்டும். அதிலும் குதிகாலை ஒரே நிறத்தில்தான் பின்னுவோம்.

துவைப்பது எளிது. உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, படுக்கப் போட்டுக் காய வையுங்கள். காய்ந்ததும் குதிகாலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், நாங்கள் கூடவே அனுப்பும் சிறு நூற்கண்டால் தேய்ந்த கண்ணிகளின் பாதையிலேயே ஊசியை ஓட்டி வலுப்படுத்துங்கள். வராது என்றால் துவைத்து எங்களுக்கு அனுப்புங்கள். எங்களிடம் வாங்கியதற்கு இழையோட்டக் கூலி கிடையாது, தபால் செலவு மட்டும் உங்களுடையது.

நவம்பர் 30, ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான புனித ஆண்ட்ரூ நாளுக்கு வேண்டுபவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் அளவு அனுப்பிவிடுங்கள். ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளைக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவுக்கு நவம்பர் நடுவரை நேரம் இருக்கிறது. அளவெடுக்கும்போது அந்த ஷூவையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, எங்கே உரசுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் எங்களுக்கு வேலை சுலபம்.

அன்புடன்,
கடையிலிருந்து