கட்டி அல்ல, வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த 'நீர்க்கட்டியைக் கரைக்கும் உணவுகள்' என்ற கட்டுரையைப் படித்தேன். பெண்களின் சினைப்பையைப் பாதிக்கும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறைத்தான் நம் ஊரில் நீர்க்கட்டி என்கிறார்கள். அதில் சொல்லப்பட்ட உணவுகளின் மீது எனக்குப் புகார் இல்லை. கொள்ளும் வெந்தயமும் சாப்பிட்டுப் பெரும்பாலும் யாரும் கெட்டுப்போவதில்லை. தலைப்பில் உள்ள 'கட்டி', 'கரைக்கும்' என்ற இரண்டு சொற்களைப் பற்றியதே இக்கடிதம். அரசு மருத்துவமனை ஒன்றின் மகளிர் புறநோயாளிப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இச்சொற்கள் ஒரு குடும்பத்துக்குள் போய் என்ன செய்கின்றன என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பதினேழு வயதுப் பெண்ணை அழைத்துவந்த ஒரு தாய், ஸ்கேன் ரிப்போர்ட்டை மஞ்சள் பைக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். மகள் தண்ணீர் குடிக்க வெளியே போகும்வரை காத்திருந்து, பிறகு என் பக்கம் குனிந்து, "கட்டி எத்தனை இருக்கும்மா? இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார்.

அந்த ஸ்கேனில் தெரிந்தவை கட்டிகளே அல்ல. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைப் பைகள், அதாவது ஆளுக்கொரு முட்டையைச் சுமக்கும் சிறு பைகள், வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளிவிடும். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு அந்த ஒன்று முந்தி வருவதில்லை. எல்லாமே கடுகளவிலிருந்து சிறு கொண்டைக்கடலை அளவுக்குள் வளர்ச்சி நின்று ஓரத்தில் வரிசையாகத் தங்கிவிடுகின்றன. கரைப்பதற்கோ வெட்டியெடுப்பதற்கோ அங்கே எதுவும் இல்லை. அந்தத் தாயின் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 1935-இல் சிகாகோவில் ஸ்டீன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி எழுதி இந்நோயை உலகுக்குச் சொன்னபோது, சினைப்பையில் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டியெடுப்பதே அவர்கள் செய்த சிகிச்சை. மாத்திரைகள் வந்த பின் அந்த முறை வழக்கொழிந்தது. அச்சம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஸ்கேனை மட்டும் வைத்து இந்நோயை முடிவு செய்வதும் தவறு. 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இதே சாயலுள்ள தைராய்டு போன்ற கோளாறுகள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு, நோயை முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. ஏனெனில் அந்த வயதில் நலமான பெண்களுக்கும் சினைப்பை அப்படித் தோன்றக்கூடும். பதினேழு வயதில் ஒரு ஸ்கேனை வைத்து 'நீர்க்கட்டிக்காரி' என்று ஒருத்திக்குப் பெயர் சூட்டுவது எத்தகைய அநியாயம்!

குழந்தைப்பேறு பற்றி உங்கள் கட்டுரை ஒரே வரியில், 'கருத்தரிப்பது கடினம்' என்று முடித்துவிட்டது. பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு முட்டைக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை; அது எப்போது வெளிவரும் என்பதுதான் தெரிவதில்லை. நாற்பதாம் நாள் 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்று வீடே பூரித்து, ஐம்பத்தைந்தாம் நாள் விலக்கானதும் அதே வீடு முகத்தைத் திருப்பிக்கொள்வதை எத்தனையோ மருமகள்கள் என்னிடம் அழுதபடி சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தாமதத்துக்கு இன்சுலினும் ஒரு காரணம். அதற்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோனைக் கூட்டுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. உடல் எடை கூடியவர்களுக்கு, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே, அதாவது 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ இறக்கினாலே, மாதவிலக்கு சீராகக் கூடும். ஒல்லியான பெண்களுக்கும் இது வருவதால், எல்லோரையும் 'முதலில் எடையைக் குறை' என்று விரட்டுவதிலும் பொருளில்லை.

எடையால் ஆகாவிட்டால் முட்டையை வெளிவரச் செய்யும் மாத்திரைகள் உண்டு. 2014-இல் வெளியான, 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினரும், பழைய மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றார்கள். சோதனைக் குழாய் முறை இவையெல்லாம் கைகொடுக்காதபோது, அல்லது வேறு காரணமும் சேர்ந்திருக்கும்போது வருவது. அதிலும் இப்பெண்களுக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கும் ஆபத்து கூடுதல் என்பதைப் பேருந்தின் பின்புற விளம்பரங்கள் சொல்வதில்லை. இன்னொன்று: மனைவிக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த பிறகுதான் கணவரின் விந்தணுவைப் பரிசோதிக்கும் பழக்கத்தை நான் கடைசி வரை பார்த்தேன். முதல் நாளே செய்ய வேண்டிய, ஊசி கூட இல்லாத பரிசோதனை அது.

ஆகவே, அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது 'முட்டைப் பை' என்றே குறிப்பிட்டு, கரைப்பது பற்றிய பேச்சை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே ஒரு செய்தியையும் கட்டம் கட்டி வெளியிடுங்கள்: கருவுறாத நிலையில் 90 நாட்களுக்கு மேல் விலக்கு வராவிட்டால், திருமணமானவரோ ஆகாதவரோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. அதே பக்கத்தில் கீழே வந்திருந்த லேகிய விளம்பரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி இதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
கும்பகோணம்.