கண்ணாடிக் கூரையும் வெளியே நடப்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் நகரின் அப்பர் வெஸ்ட் சைடு பகுதியில் கண்ணாடிக் கூரையுடன் எழுப்பப்பட்ட ஆப்பிள் விற்பனைக் கூடத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான படக் கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். பாராட்டி எழுதியவர்கள் உள்ளே பாயும் வெளிச்சத்தில் மயங்கியிருக்கிறார்கள். பழித்து எழுதியவர்கள், கைப்பேசி விற்பதற்குக் கோயில் மண்டபம் போல ஒரு கூடம் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். இரு தரப்பினருமே கட்டடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபடிதான் பேசுகிறார்கள் என்பது என் குறை. இத்தகைய கட்டடங்களின் நன்மை பெரும்பாலும் உள்ளே இருப்பவருக்கும், தொல்லை பெரும்பாலும் வெளியே இருப்பவருக்கும் போய்ச் சேர்கிறது. அந்த வெளியாளின் பக்கத்திலிருந்து எவரும் எழுதாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டடத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். பிராட்வேயும் 67ஆம் தெருவும் சந்திக்கும் முனையில், லிங்கன் சென்டர் கலையரங்குகளுக்கு அருகில், 2009 நவம்பரில் அது திறக்கப்பட்டது. கல் சுவர்கள், தெருவை நோக்கிய உயரமான கண்ணாடி முகப்பு, மேலே வளைந்து செல்லும் கண்ணாடிக் கூரை என்று மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டு அதை அமைத்திருக்கிறார்கள். இட நெருக்கடி மிகுந்த அந்த நகரத்தில் பல மாடிகளை அடுக்காமல், ஓர் உயர்ந்த கூடத்தின் மேலே வானத்தைத் திறந்துவிட்டிருப்பது துணிச்சலான முடிவுதான். கல்லும் கண்ணாடியும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும் என்பதால், கூட்டம் நிறைந்த நேரத்தில் அங்கே பணிபுரிவோரின் காதுகளை நினைத்து எனக்குச் சற்று இரக்கம் வருகிறது என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

கடைக்குக் கண்ணாடிக் கூரை போடுவது இன்றைய பணக்காரக் கம்பெனிகள் கண்டுபிடித்த பகட்டு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தது சரியல்ல. மின்விளக்கு வருவதற்கு முன்பு, துணியின் உண்மையான நிறத்தைக் காட்டி விற்க வேண்டுமானால் மேலிருந்து பகல் வெளிச்சம் விழ வேண்டியிருந்தது. பாரிஸ் நகரின் பழைய கடைச் சந்துகளும், 1893இல் திறக்கப்பட்ட மாஸ்கோவின் பெரும் வணிக வளாகத்துக்குப் பொறியாளர் விளாதிமிர் ஷுகோவ் அமைத்த கூரையும் அந்த வழியில் வந்தவை. இவற்றுள் மிலான் நகரின் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் அங்காடிச்சாலை தனித்து நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஜுசெப்பே மெங்கோனி அங்கே கண்ணாடி வேய்ந்தது ஒரு கடைக்கு மட்டும் அன்று; பேராலயச் சதுக்கத்திலிருந்து லா ஸ்காலா அரங்கு நோக்கிச் செல்லும் பொதுவழிக்கே வேய்ந்தார். ஒரு பொருளும் வாங்காதவரும் மழையில் நனையாமல் அதன் கீழே நடந்து போகலாம். இன்றைய கூடங்களிலும் எவரும் நுழையலாம் என்பது உண்மையே; ஆயினும் கடையைச் சாத்தியதும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது.

கூரையைக் கண்டு அஞ்சுவதும் புதிதல்ல. 1851இல் லண்டன் ஹைடு பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன், உலகக் கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியும் கொண்ட படிக அரண்மனையை எழுப்பியபோது, அது இடிந்து விழும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். மாடங்களின் வலிமையைச் சோதிக்கப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவிட வேண்டியிருந்தது. கட்டடம் இடியவில்லை, அறுபது லட்சம் பேர் வந்து பார்த்துச் சென்றார்கள். உள்ளே வெப்பம் ஏறாமல் இருக்கக் கூரையின்மேல் பருத்தித் துணியை விரித்து நிழல் கட்டினார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உச்சி வெயில் சுவரில் இருக்கும் சன்னலைவிடக் கூரையில் இருக்கும் கண்ணாடியைத்தான் நேராகத் தாக்குகிறது. வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு வெப்பத்தை முழுவதுமாகத் தடுக்கும் கண்ணாடி இன்றுவரை கிடையாது. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சும் இரட்டை அடுக்குக் கண்ணாடியும் அதை வெகுவாகக் குறைக்கும். எஞ்சிய வெப்பத்தைக் குளிரூட்டி இயந்திரம் வெளியேற்ற வேண்டும். அது கக்கும் அனல் தெருவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வந்து சேர்கிறது. சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸில் 114 கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு ஆப்பிள் நிறுவனம் 2020இல் திறந்த குவிமாடக் கடையில், சூரியன் விழும் கோணத்தைக் கணக்கிட்டு உட்புறத்தில் தடுப்புப் பட்டைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வெயிலை முதலிலேயே எண்ணிப் பார்த்த கூரை அது என்று ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கும் பொதுவாக நல்ல ஏற்பாடு இருக்கிறது. தலைக்கு மேலே போடும் கண்ணாடியை இடையில் ஒட்டுப் படலம் வைத்து அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். உடைந்தாலும் துண்டுகள் அந்தப் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். வெளியே நடப்பவருக்கு அதே அக்கறை காட்டப்படுகிறதா என்பதற்குச் சிக்காகோ ஒரு பாடம். மிச்சிகன் அவென்யூவில் ஆற்றங்கரையில் 2017 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆப்பிள் கடையில் சுவர்கள் முழுதும் கண்ணாடி. கூரை மட்டும் கார்பன் இழையால் ஆன மெல்லிய தகடு. வெளியே நீண்டு நிற்கும் அந்தக் கூரையிலிருந்து பனிக்கட்டி விழும் அபாயம் இருந்ததால், முதல் குளிர்காலத்திலேயே சுற்றிலும் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைக்க நேர்ந்தது. பனியை உருக்கும் ஏற்பாடு மென்பொருள் கோளாறால் வேலை செய்யவில்லை என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. மக்களுக்கு ஆற்றங்கரையைத் திறந்துவிடும் கட்டடம் என்று சொல்லித் தொடங்கியது, அம்மக்களையே கயிற்றுக்கு அப்பால் நிறுத்தியது. அதே இலையுதிர் காலத்தில் வலசைப் பறவைகள் அந்தக் கண்ணாடியில் மோதி விழுந்தன. வலசை முடியும்வரை இரவில் விளக்குகளைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது.

பறவைகளைச் சொன்னதும் சிலர் புன்னகைக்கக்கூடும். அமெரிக்காவில் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் மடிவதாக 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வீடுகளும் உயரம் குறைந்த கட்டடங்களுமே மீதி முழுவதற்கும் காரணம். அதாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் கடைகளின் உயரத்தில்தான் சாவு நடக்கிறது. நியூயார்க் நகர மன்றம் இதை உணர்ந்து, புதிய கட்டடங்களில் தரையிலிருந்து 75 அடி வரையிலான வெளிப்புறத்தில் 90 சதவீதமாவது பறவைகள் கண்டு விலகக்கூடிய பொருளால் அமைய வேண்டும் என்ற விதியை 2021 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியில் சிறு புள்ளிகளையோ கோடுகளையோ பதித்துவிட்டால் பறவைக்கு அது தெரிந்துவிடும். அப்பழுக்கற்ற தெளிவையே அழகாகக் கருதும் வடிவமைப்பாளருக்கு அந்தப் புள்ளிகள் பிடிக்காமல் போகலாம். அவருடைய மனக்குறைக்கு நான் பெரிய மதிப்பு கொடுக்க மாட்டேன். மேலும், கண்ணாடி இருப்பது தெரியாமல் போவது மனிதருக்கும் ஆபத்துதான். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இதே நிறுவனத்தின் ஒரு கடையில் 83 வயது மூதாட்டி கண்ணாடிச் சுவரில் மோதி மூக்கு உடைந்து 2012இல் வழக்குத் தொடுத்தபோது, பார்த்து நடந்திருக்க வேண்டாமா என்று கேலி செய்தவர்களும் உண்டு. பார்த்தாலும் தெரியக்கூடாது என்பதற்காகவே இழைத்துச் செய்த சுவர் அது.

ஆகவே, பெருநிறுவனம் கட்டியது என்பதற்காகவே வெறுப்பவர்களோடு நான் சேரவில்லை. நல்ல கட்டடத்தை எவர் கட்டினாலும் ஊருக்கு லாபம். ஆனால், திறப்பு நாளில் எடுத்த ஒளிப்படத்தைக் கொண்டு ஒரு கட்டடத்தைத் தீர்ப்பிடுவதை இரு தரப்பினரும் நிறுத்த வேண்டும். அந்தக் கூரையின் தூசியும் பறவை எச்சமும் எப்படிக் கழுவப்படுகின்றன, உறைபனி எங்கே சரிந்து விழும்படி அமைத்திருக்கிறார்கள், கடை மூடிய பிறகு விளக்குகள் எத்தனை மணிவரை எரிகின்றன, எதிர் வீட்டுச் சன்னலில் அதன் பிரதிபலிப்பு எந்த மாதத்தில் கண்ணைக் கூசச் செய்கிறது என்பவற்றை அனுமதி வழங்கும் அதிகாரிகள் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற்று மக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இத்தகைய கட்டடத்தைப் பற்றி எழுதும்போது, வாடிக்கையாளரிடமும் வடிவமைப்பாளரிடமும் பேசுவதோடு, எதிர்ச் சாரியில் குடியிருப்பவரிடமும் கூரையைக் கழுவும் தொழிலாளியிடமும் கருத்துக் கேட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்