அடக்கப் போனது எழுப்பிவிட்டது

அன்பு மகளுக்கு,

"டி செல்லை அடக்கும் ஆன்டிபாடி என்றுதானே போட்டேன், செல்கள் பெருகிவிட்டனவே, எங்கே தப்பு செய்தேன்?" என்று நேற்று உன் ஆய்வகச் சோதனையைப் பற்றிக் கேட்டாய். குரலே சரியில்லை. நீ தப்பு எதுவும் செய்யவில்லை அம்மா.

நீ போட்ட ஓகேடி3 சுண்டெலி ஆன்டிபாடி; நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களான டி செல்களில் போய் ஒட்டும் புரதம். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதை அடக்க 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதருக்கு மருந்தான முதல் மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் வந்த, ஒரே மாதிரியான) ஆன்டிபாடியே அதுதான். ஆனால் முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிகளுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். அடக்குவதற்கு முன்னால் அது செல்களை உசுப்பிவிட்டு சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களை, கொட்ட வைத்தது.

அதன் இரண்டு கைகளும் டி செல்லின் சிடி3-ஐ, அதாவது ஆன்டிஜனை (அந்நியப் பொருளை) அறியும் ஏற்பியோடு சேர்ந்திருக்கும் புரதத்தை, பிடிக்கின்றன. வாலை, அதாவது எஃப்சி பகுதியை, பக்கத்தில் இருக்கும் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு பிடித்துக்கொள்கிறது. சிடி3-கள் ஓரிடத்தில் குவிகின்றன. ஆன்டிஜனைக் கண்டதுபோல் செல் விழித்துக்கொள்கிறது. அப்புறம்தான் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டு அடங்குகிறது. டெப்லிசுமாப் என்ற பிந்தைய சிடி3 ஆன்டிபாடியின் வாலில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றி இந்தப் பிடியைத் தளர்த்தினார்கள். டைப் 1 சர்க்கரை நோயைத் தள்ளிப்போட 2022-ல் அது அனுமதி பெற்றபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

எந்த ஏற்பி என்பதோடு, அதில் எந்த இடம் என்பதையும் பார். சிடி28 டி செல்லின் துணை ஏற்பி. வழக்கமான சிடி28 ஆன்டிபாடி, டி செல் ஏற்பியின் சமிக்ஞையும் சேர்ந்தால்தான் செல்லை எழுப்பும். டிஜிஎன்1412 என்ற சோதனை ஆன்டிபாடி சிடி28-ன் பக்கவாட்டில் வேறோர் இடத்தைப் பிடித்ததால் தனியாகவே எழுப்பியது. 2006 மார்ச்சில் லண்டனில் அதைப் போட்டுக்கொண்ட ஆறு தன்னார்வலர்களும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். நல்லவேளை, ஆறு பேரும் பிழைத்தார்கள். குரங்குகளில் இந்த ஆபத்து தெரியவே இல்லை. சோதித்த குரங்கினத்தின் நினைவு டி செல்களில் (முன்பு கண்ட ஆன்டிஜனை நினைவில் வைத்திருப்பவை) ஒரு வகைக்கு சிடி28 கிடையாது என்பது பின்னால்தான் புரிந்தது. அந்த ஆறு பேரை நினைக்காமல் இந்த ஏற்பிகளைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை.

சரி, உன் சோதனைக்கு வருவோம். பிரித்தெடுத்த டி செல்களோடு மோனோசைட்டுகள் கொஞ்சம் கலந்திருக்கலாம்; மோனோசைட்டின் அடையாளமான சிடி14-க்குச் சாயமிட்டுப் பார். தட்டின் அடியில் ஆன்டிபாடி ஒட்டியிருந்தாலும் இதே பெருக்கம்தான் வரும். சிடி3 சிக்னல் குறைந்தால் ஏற்பி உள்ளே போய்விட்டது என்று உடனே எழுதிவிடாதே. ஓகேடி3 உட்கார்ந்திருக்கும் இடத்தில் சாய ஆன்டிபாடி ஒட்ட முடியாமலும் போயிருக்கலாம். டி செல் ஏற்பியின் ஆல்ஃபா-பீட்டா சங்கிலிக்கான ஆன்டிபாடியையும் சேர்த்துப் போடு; அது வேறு இடத்தில் ஒட்டும். சாயமிடும்போது எல்லாம் ஐஸிலேயே இருக்கட்டும்.

முடிவு வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா