மிஷன் கமிட்டிக்கு: அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான கமிட்டி அங்கத்தினர்களுக்கு,

ஸ்தோத்திரம். வியாழக்கிழமை இரவுகளில் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களைப் பார்க்க நாங்கள் போவது உங்களுக்குத் தெரியும். கைவைத்து ஜெபித்து அனுப்பியவர்களே நீங்கள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதச் சபைப் பத்திரிகையில் வந்திருக்கும், அவர்களில் ஒரு சகோதரியின் படத்தை எடுத்துவிடுங்கள். அச்சானதைத் திரும்ப வாங்க முடியாது; வாட்ஸ்அப் குழுவில் இருப்பதையாவது இன்றே அழித்துவிடுங்கள்.

அந்தச் சகோதரி எங்களிடம் முதல் நான்கு மாதம் பெயர் சொல்லவில்லை. பிறகு சொன்னதும் பொய்ப்பெயர். நாங்களும் அதிலேயே கூப்பிட்டோம். ஒருநாள் கடுங்காய்ச்சல். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணி நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். டாக்டர் சீட்டு எழுதும்போதுதான் உண்மைப் பெயர் வெளியே வந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதற்கப்புறம்தான் கடனைப் பற்றிப் பேசினாள். அறை வாடகை, உடம்புக்கு முடியாமல் படுத்த நாளுக்கு அபராதம், எல்லாவற்றுக்கும் வட்டி. கொடுக்கக் கொடுக்கக் கூடுகிற கடன் அது. அடையாள அட்டை இன்னொருவன் பெட்டியில். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனிடம், அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி என்று சொல்லி வைத்திருந்தாள்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, யாரும் கூப்பிடாமல் தானே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாரோ பக்கவாட்டில் நின்று படம் எடுத்தார்கள். “சேற்றிலிருந்து தூக்கியெடுக்கப்பட்ட சகோதரி” என்று தலைப்பும் போட்டாயிற்று. எங்கே தூக்கியெடுத்தோம்? அன்றைக்கு ராத்திரியும் அவள் அதே அறைக்குத்தான் திரும்பிப் போனாள். படம் கைமாறிக் கைமாறி மகன் விடுதிவரை போய்விட்டது. அதை அழுதுகொண்டே போனில் சொன்னவள், அத்தோடு எண்ணை மாற்றிவிட்டாள்.

லூக்கா 7ஆம் அதிகாரத்தை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெண்ணை மனதுக்குள் ஏளனமாக நினைத்த வீட்டுக்காரர் பெயர் சீமோன் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. சுவிசேஷகன் மறைத்ததை நம் பத்திரிகை கலரில் போட்டிருக்கிறது.

அறிக்கைப் படிவத்தில் “இந்தக் காலாண்டில் இரட்சிக்கப்பட்டோர் எண்ணிக்கை” என்று ஒரு கட்டம். ஆஸ்பத்திரி பெஞ்சில் கழிந்த மூன்று மணி நேரத்தை அதில் எந்த எண்ணாகப் போடுவது? போன கூட்டத்தில் ஒரு மூப்பர், “விருப்பப்பட்டுத்தானே இருக்கிறாள், வேண்டாமென்றால் வெளியே வரலாமே” என்றார். ஆள்கடத்தலுக்கு எதிரான 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறையே, மிரட்டியோ ஏமாற்றியோ இக்கட்டைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்கிறது. உலகத்து அரசாங்கங்களுக்குப் புரிந்தது சபைக்குப் புரிய இன்னும் எத்தனை உபவாசக் கூட்டம் வேண்டுமோ! இன்னொருவர் தையல் மெஷின் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கடன்காரன் அந்த மெஷினையும் தூக்கிப் போவான், ஐயா.

மிஷனரி ஞாயிறு அன்று ஜோசஃபின் பட்லரைப் புகழ்ந்தோம். லிவர்பூலில் இப்படிப்பட்ட பெண்களைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டவர் அவர். அவர்கள்மேல் கட்டாய உடல்பரிசோதனையைத் திணித்த சட்டம் 1886இல் ஒழியும்வரை போராடியவர். அயர்லாந்தின் மகதலேன் சலவைக்கூடங்களைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. கன்னியர் மடங்கள் பெண்களை அங்கே அடைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கின; பலருக்குப் பெயரையே மாற்றின. கடைசிக் கூடம் மூடியது 1996இல்தான். 2013இல் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அதுவும் ஊழியம் என்ற பெயரில்தான் நடந்தது.

கோபத்தில் எழுதிவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். தயவாய்க் கேட்பது இவ்வளவுதான். படத்தை எடுத்துவிடுங்கள். நன்றி ஆராதனையில் மூன்று சகோதரிகளை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். இனி அவர்கள் முகமோ பெயரோ கதையோ எதிலும் வராது என்று கமிட்டி எழுத்தில் தர வேண்டும். அறிக்கைப் படிவத்தில் அந்த எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விட எங்களுக்கு அனுமதியும் வேண்டும்.

இந்த வியாழனும் போகிறோம். அவள் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

கர்த்தருக்குள்,
வியாழன் இரவுக் குழுவில் ஒருத்தி