கொள்ளிடக் கரையில் ஒரு ஞாயிறு

ஏலாக்குறிச்சிப் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு, மரியே வாழ்க!

ஒரே ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைக்காமல் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப்போங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நம் மாதாவை ஏன் அடைக்கல மாதா என்கிறோம் என்று என் பேத்தியிடம் கேட்டேன். "நம்மளக் காப்பாத்துறாங்கல்ல, அதான்" என்றாள். சரிதான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆறும் ஓர் எல்லையும் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஆற்றுக்கு அக்கரை தஞ்சாவூர்ச் சீமை. 1701-இல் மராத்திய மன்னர் சாகுஜியின் ஆட்சியில் அங்கே கிறிஸ்தவர்களுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. இக்கரையோ அரியலூர் மழவராயர்களின் பாளையம். தஞ்சாவூர் அரண்மனை ஆணை இங்கே செல்லாது. ஆற்றைத் தாண்டி வந்தவர்களுக்கு இந்த மண்ணே அடைக்கலம். பின்னாளில் இங்கே பணியாற்றிய வீரமாமுனிவர் ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து, கலம்பகமும் பாடினார். அடைக்கலம், காவல் என்ற இரண்டு சொல்லுக்கும் பொருள் அந்தக் கரையில் நின்றால்தான் முழுதாக விளங்கும்.

கோடையில் போனால் மணலும் நாணலும்தான் தெரியும். "இதைத் தாண்டுறது ஒரு கஷ்டமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மேலணை கட்டத் தொடங்கியது 1836-இல். அதற்கு முன் கொள்ளிடத்துக்குப் போகும் தண்ணீரைத் தடுக்க அங்கே அணை கிடையாது. பாலமும் கிடையாது. கைக்குழந்தையோடு அந்த வெள்ளத்தில் இறங்கிய ஒரு தாயை அவர்கள் மனத்தில் நினைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம், திரும்பும் வழியில் ஊர்ப் பெயர்ப்பலகை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். முதல் எழுத்தைக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் குறில் எகரத்துக்குத்தான் மேலே புள்ளி வைப்பார்கள். நெடில் வெறுமனே நிற்கும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். அதைத் தீர்க்க, புள்ளியை எடுத்துவிட்டு நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர் போட்ட அந்தக் கோடு நம் ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதை விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். எந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆற்றில் தண்ணீர் திறக்கும் முன் ஒரு ஞாயிறு பாருங்கள். மோர்ப் பானையோடு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் பாட்டி ஒருத்தி