வழியனுப்பி வைத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

எங்களை வரவேற்று, வீட்டில் இடம் கொடுத்து, கடைசியில் விமான நிலையம் வரைக்கும் வந்து அனுப்பி வைத்த சபை மக்கள் எல்லாருக்கும், எங்களை இங்கிருந்து அனுப்பிய நம் ஊர்க்காரர்களுக்கும், ஊழியத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் போய்வந்த எங்கள் குழுவின் ஸ்தோத்திரங்கள். கிளம்புகிற நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று அழுததில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். பலர் கண்ணில் படப்போகிற கடிதம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் போதகர் ஐயாவுக்கு. நாங்கள் வந்து இறங்கிய அன்று மாலையே எங்களை உட்கார வைத்து, "போகிற நாளைப் பற்றி இப்போதே பேசிவிடலாம்" என்றீர்கள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் இந்தப் பேச்சா என்று எங்களில் சிலருக்கு முகம் சுருங்கியது. அடுத்த வருடமும் வருவோம் என்று யாரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடம், சொல்ல வேண்டாம் என்றீர்கள். கொண்டு வந்த பொருள்களை எங்கள் கையால் கொடுக்காமல் சபையிடம் ஒப்படைக்கச் சொன்னீர்கள். எந்த வீட்டில் என்ன தேவை என்று உங்களுக்குத்தானே தெரியும். கடைசி ஞாயிறு ஆராதனையை உங்கள் வாலிபர்கள் நடத்துவார்கள், நாங்கள் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றீர்கள். முன்பு வந்துபோனவர்களின் வாக்கை நம்பிப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கதையை அப்புறம்தான் சொன்னீர்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தை அந்தக் கடைசி ஞாயிறு அன்று வாசித்தது உங்கள் தீர்மானம்தான் என்று நினைக்கிறேன். எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்து பட்டணத்துக்கு வரவழைத்து அப்போஸ்தலனாகிய பவுல் விடைபெறுகிற பகுதி. மூன்று வருடம் அவர்கள் நடுவில் இருந்தவர், திரும்பி வருவேன் என்று ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறார். சபையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, முழங்கால்படியிட்டு ஜெபித்த பிறகு கப்பல் ஏறப் போகிறார். அவர்கள் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுகையைத் தவிர்க்கப் பார்க்காமல், பொய்யான நம்பிக்கையும் கொடுக்காமல் பிரிந்து போவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. ஆராதனை முடிந்ததும் ஒரு சிறுமி வந்து மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் தம்பி, "அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். அடுத்த வாரம் கதை சொல்ல நான் இருக்கிறேன்" என்றார். தம்பி, அந்தப் பதிலுக்குத் தனியாக ஒரு நன்றி.

மருத்துவ முகாமில் எங்களோடு நின்ற செவிலியர் அக்காவுக்கு. உங்களிடம் நாங்கள் வாங்கிய திட்டு எல்லாம் நியாயமான திட்டு. பி.பி.க்கும் சர்க்கரைக்கும் ஒரு மாத மருந்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் அடுத்த மாதம் அவர்கள் எங்கே போவார்கள் என்று பயணத்துக்கு முன்பே கடிதத்தில் கேட்டீர்கள். உங்கள் சுகாதார நிலையத்தில் தொடர்ந்து கிடைக்கும் மருந்துகளின் பட்டியலை அனுப்பி, அதில் உள்ளதை மட்டும் கொண்டு வரச் சொன்னீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர்கள் மொழியிலேயே சீட்டு எழுதி, உள்ளூர் மருத்துவரின் கையெழுத்தில்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டீர்கள். பதிவேடு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அது எங்களோடு விமானம் ஏறியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

மொழிபெயர்த்த சகோதரிகள் இருவருக்கும். நாங்கள் வளவளவென்று பேசியதை நீங்கள் சுருக்கியபோதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது, கவனித்தோம்! பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, ரோமர் 16-இல் தன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வரி வாழ்த்து சேர்த்துக்கொள்கிறார். நீங்கள் அவ்வளவுகூட உங்களுக்கென்று பேசிக்கொள்ளவில்லை.

தங்க இடம் கொடுத்த குடும்பங்களே, கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் கூடத்தில் படுத்தீர்கள். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுலுக்கும் கூட வந்தவர்களுக்கும் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கிளம்பும்போது வழிக்குத் தேவையானதையும் ஏற்றி அனுப்பினார்கள். நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள். வண்டி ஓட்டிய அண்ணனுக்கும், சமையலறையைவிட்டு வெளியே வரவே நேரமில்லாமல் உழைத்த அம்மாக்களுக்கும் நன்றி.

இனி எங்களை இங்கிருந்து அனுப்பிய நம் ஊர்க்காரர்களுக்கு. ஜெபித்தவர்களையும் காணிக்கை கொடுத்தவர்களையும் சபையில் எல்லாரும் நினைப்பார்கள். நாங்கள் இல்லாதபோது எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாத்தா பாட்டிகளையும், எங்கள் வேலையைச் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்களையும் பலர் மறந்துவிடுவார்கள். அவர்களில் சிலர் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. அவர்கள் கைகொடுக்காமல் எங்களில் பாதிப்பேர் கிளம்பியிருக்கவே முடியாது.

பவுலும் பர்னபாவும் தங்களை ஊழியத்துக்கு அனுப்பிய அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூடிவரச் செய்து நடந்ததை எல்லாம் சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் 14-இல் இருக்கிறது. நாங்களும் ஆராதனைக்குப் பின் ஒரு நாள் உட்கார்ந்து சொல்கிறோம். வரவு செலவுக் கணக்கை அன்றே வைத்துவிடுகிறோம். புகைப்படங்கள் முதலில் போதகர் ஐயாவுக்குத்தான் போகும். அவர் சரி என்று சொல்வதை மட்டும் காட்டுவோம். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை யாரும் எங்கேயும் பகிர வேண்டாம். கையில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
ஊழியக் குழுவினர்